தினம் நாலு காட்சி விழுந்தவர்

அமலராணி சினிமாப் பைத்தியம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பார்த்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி, தவக்காலத்தில் கோயில் வளாகத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய ஆண்டவருடைய பாடுகளின் படம். அப்படிப்பட்டவளை ஓர் உளவாளிப் படம் வந்து பிடித்துக்கொண்டு எட்டு வருஷம் விடவில்லை. இத்தனைக்கும் அதை அவள் முழுசாகப் பார்த்ததே கிடையாது. என்ன செய்வது, அவள் புருஷன் அந்தப் படத்தில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

புருஷன் பெயர் ஸ்டீபன்ராஜ். திண்டுக்கல்லில் சாரம் கட்டுகிறவர். மாடி வீடு பூசுவதற்கு, கோபுரத்துக்கு வண்ணம் அடிப்பதற்கு, தண்ணீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு என்று எங்கே உயரம் உண்டோ அங்கே மூங்கிலும் கயிறுமாகப் போய் நிற்பார். புதுப்படம் வந்தால் தியேட்டர் வாசலில் கதாநாயகனின் கட்டவுட் நிற்க வேண்டும், அதன் கழுத்தில் ஆள் உயர மாலையும் விழ வேண்டும். ரசிகர்கள் கீழே நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். மேலே ஏறி மாலையைப் போடுகிறவர் ஸ்டீபன்ராஜ்தான். ஏறுவதற்கு முன் அவருக்கு ஒரு பழக்கம். வலது கைக் கட்டைவிரலால் மூங்கிலில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். அந்த விரலை உதட்டில் ஒற்றிக்கொள்வார். அதன் பிறகுதான் கால் வைப்பார்.

"மூங்கிலுக்கு முத்தம் குடுக்குறவரு, வீட்டுல ஒருத்தி இருக்கதையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க" என்று அமலராணி சீண்டுவாள்.

"மூங்கி கோவிச்சுக்கிட்டா கீழ போட்ரும். நீ கோவிச்சுக்கிட்டா வெஞ்சனம் இல்லாம சோறு போடுவ. அம்புட்டுத்தான?" என்பார் அவர்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு இஞ்ஞாசி வந்தான். சேவுகம்பட்டிக்காரன். ஒரு காலத்தில் ஸ்டீபன்ராஜோடு சாரம் கட்டியவன், பிறகு மெட்ராஸ் போய் ஒரு ஸ்டண்ட் கோஷ்டியில் சேர்ந்துகொண்டான். வரும்போதே ஒரு படத்தின் கதையோடு வந்தான். பனிமலை உச்சியில் எதிரி நாட்டுக்காரன் ரகசிய ரேடியோ நிலையம் வைத்திருக்கிறான். நம் ஊர் உளவாளி கயிற்றில் ஏறிப் போய் அதை ஒழிக்க வேண்டும். பின்னாலேயே ஒரு வில்லன் துரத்திக்கொண்டு ஏறுகிறான். படத்துக்குப் பெயர் 'சிகரத்தில் ஒரு சதி'. ஷூட்டிங் வடக்கே, நிஜப் பனியில். உயரத்துக்குப் பயப்படாத ஆள் வேண்டும்.

அமலராணி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். ஒரு வாரம் அந்த ஒரு வார்த்தையையே விதவிதமாகச் சொன்னாள். ஸ்டீபன்ராஜ் எதிர்த்துப் பேசவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தார். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வாழ்நாள் முழுக்க அட்டைக் கதாநாயகனுக்கு மாலை போட்ட மனுஷனுக்கு நிஜ மலையில் ஏற ஆசை வந்துவிட்டது, அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கடைசியில் அவள் கம்பளி நூல் வாங்கிவந்தாள். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் பின்னல் படித்தவள் அவள். கடையில் போதுமான அளவுக்கு இருந்தது சிவப்பு மட்டும்தான். கழுத்துக்கு வரும்போது அதுவும் தீர்ந்துபோகும்போல இருந்ததால், வீட்டில் கிடந்த வெள்ளை நூலில் கழுத்துப்பட்டையை முடித்தாள். சிவப்பு ஸ்வெட்டர், வெள்ளைக் கழுத்து. போட்டுப் பார்த்துவிட்டு, "தபால் பெட்டிக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். ஆனால் ரயில் ஏறும்வரை, அந்தச் சித்திரை வெயிலிலும், அதைக் கழற்றவில்லை.

போன இடத்திலிருந்து போன் வந்தது பேகம்பூரில் அஜீஸுன்னிசா வீட்டுக்கு. அஜீஸுன்னிசா வீட்டு முன்னறையில் எஸ்.டி.டி. பூத், உள்ளறையில் தையல் மிஷின்கள். அமலராணி அங்கேதான் பள்ளிக்கூட யூனிபாரம் தைத்தாள். கடைசியாக அவர் பேசியபோது லைனில் இரைச்சல், பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"உன் ஸ்வெட்டர் டைரக்டருக்கே பிடிச்சுப்போச்சு அமலா. பனியில செவப்பு எடுப்பாத் தெரியுதாம். படத்துல வருது பாரு!"

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மலையில் விபத்து என்றார்கள். பனி வெடிப்புக்குள் போய்விட்டார், ஆழம் தெரியவில்லை, உடலை எடுக்க முடியவில்லை என்றார்கள். எப்படி விழுந்தார் என்று அவள் கேட்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏறுற எடம்மா, கை நழுவியிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். இஞ்ஞாசியைக் கேட்டாள். அவனுக்கும் கால் உடைந்து வடக்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார்கள். அவ்வளவுதான் செய்தி.

கோயிலில் திருப்பலி வைத்தார்கள். பீடத்துக்கு முன்னால் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் அவருடைய படம். அழுகிறவர்களுக்கும் எதைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை. அமலராணிக்கு அழுகையே வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, செவ்வந்தி பரப்பி, மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருக்கும். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். வேறு ஊரில் அடக்கமானவர்களுக்கு நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றலாம். அமலராணியும் அங்கேதான் நின்றாள். எட்டு வயது மகள் ஷைனி நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாரும் அவுக அவுக ஆளு கிட்ட நிக்காங்க. அப்பாவை எங்கம்மா வச்சிருக்காங்க?"

அன்றைக்கே ஒரு முடிவு அவள் மனசில் விழுந்துவிட்டது. இந்த மனுஷனுக்குத் திண்டுக்கல் மண்ணில் ஓர் இடம் வேண்டும். பிள்ளை போய் நிற்பதற்கு ஒரு கல்லாவது வேண்டும். எதைப் புதைப்பது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு 'சிகரத்தில் ஒரு சதி' வந்தது. தியேட்டர் முதலாளி கெட்டிக்காரர். வாசலில் கதாநாயகனின் கட்டவுட்டை விடப் பெரிதாக ஒரு பேனர் கட்டினார்: 'நம்ம ஊர் வீரன் உயிரைக் கொடுத்து விழுந்த காட்சி! காணத் தவறாதீர்!' ஊர் திரண்டது. பஸ் ஸ்டாண்டில் இளவட்டங்கள் பஸ்ஸின் படிக்கம்பியைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலுக்கு முத்தம் கொடுத்துவிட்டு ஓடி ஏற ஆரம்பித்தார்கள். படத்தில் கதாநாயகன் செய்கிற ஸ்டைலாம். அதைப் பார்த்து அமலராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் செத்திருக்கிறான், இவர்களுக்கு ஸ்டைல் கேட்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

தீபாவளி மாலைக்காட்சிக்கு அஜீஸுன்னிசாவை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். உள்ளே உட்கார்ந்து படம் பார்க்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கேட்டில் நின்றவரிடம், "அந்தச் சீன் வரும்போது மட்டும் உள்ள விடுங்கண்ணே" என்றாள். அவளை அடையாளம் தெரிந்த அந்த மனுஷர் டிக்கெட்கூடக் கேட்கவில்லை. நேரம் வந்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

திரை முழுக்க வெள்ளை. உச்சியில் கருப்புக் கண்ணாடியும் நீலச் சட்டையுமாகக் கதாநாயகன் நிற்கிறான். கீழே கயிற்றில் தொங்குகிறான் வில்லன். சிவப்பு ஸ்வெட்டர், வெள்ளைக் கழுத்து. கயிறு அறுந்தது. ஸ்வெட்டர் பனியில் மோதி, புரண்டு, மறுபடி மோதி, கையும் காலும் நாலு பக்கம் வீச, சின்னதாகிச் சின்னதாகி, ஒரு வெடிப்புக்குள் போய் மறைந்தது.

தியேட்டர் இடிந்துவிடும்போல விசில். காகிதத் துண்டுகள் பறந்தன. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" பிடித்த பாட்டுக்கு அப்படிக் கத்துவார்கள், ஆபரேட்டரும் மறுபடி ஓட்டுவார். அது இங்கே வழக்கம்தான். படம் நின்றது. விளக்கு எரிந்து அணைந்தது. சிவப்பு ஸ்வெட்டர் மறுபடியும் மேலே தொங்கியது, மறுபடியும் விழுந்தது.

அமலராணி வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். அஜீஸுன்னிசா அவள் முகத்தைத் தண்ணீரால் துடைத்தாள்.

"யா அல்லா, வா புள்ள, வீட்டுக்குப் போயிருவோம்."

"ஒரு நாளைக்கு நாலு ஆட்டம் அக்கா. ஒவ்வொரு ஆட்டத்துலயும் ரெண்டு தடவை. அவரு விழுந்துக்கிட்டே இருக்காரு" என்றாள் அமலராணி. "இதை நிப்பாட்டணும். அந்தத் துண்டை அறுத்து வாங்கணும். அதைத்தான் புதைக்கப் போறேன்."

கல்லறைத் திருநாள் அந்த வாரக் கடைசியில். அதற்குள் முடிக்க வேண்டும் என்று அங்கேயே நாள் குறித்துவிட்டாள்.

மறுநாள் முதலாளியைப் பார்த்தாள். அவர் மரியாதையாக நாற்காலி போட்டு, கலர் வாங்கிக் கொடுத்து, எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா கூட்டமே அதுக்குத்தான வருது?" என்றார். கலரை அவள் தொடவில்லை.

பிறகு ஆபரேட்டர் ஒச்சப்பன். இரும்புப் படி ஏறி மேலே போனால் மிஷின் சூட்டில் வேர்த்து வழிந்துகொண்டு நிற்பார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியும், முகம் தெரியாது. வேகமாகத் தலையாட்டினார்.

"பிரிண்டுல கை வைக்கச் சொல்றியா தாயி? விநியோகஸ்தர் ஆளு வாரக்கடைசியில வந்து பொட்டியைப் பாப்பான். பொழப்புப் போயிரும்."

"அறுந்த பிலிமை ஒட்டுறதில்லையாண்ணே நீங்க? அப்ப கொஞ்சம் போகத்தான செய்யும்?"

"அறுந்தா ஒட்டுவேன். நானா அறுக்க மாட்டேன்."

"அப்ப ஒன்ஸ் மோராவது போடாதீங்க."

ஒச்சப்பன் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி சொன்னால் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று மேட்னிக்கு அமலராணி டிக்கெட் எடுத்துப் பெண்கள் பக்கம் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, கண்ணை மூடி, மடியில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். உளவாளி ஏறினான், சண்டை போட்டான், அவளுக்கு எதுவும் தெரியாது. சத்தத்தை வைத்தே நேரம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எழுந்தாள். திரைக்கு முன்னால் சிமெண்ட் மேடை ஒன்று உண்டு. பக்கத்துப் படியில் அதில் ஏறினாள். திரையின் நட்ட நடுவில், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"ஏய், யாருடா அது? இறக்குடா!" என்று கத்தினார்கள். வெளிச்சத்தில் அவள் கண் கூசியது. கட்டியிருந்த வெள்ளைச் சேலையில் பனிமலை அசைந்தது. பின்னாலிருந்து ஒருவன், "டேய், ஸ்டீபன் அண்ணன் சம்சாரம்டா" என்றான். அந்தச் சொல் வரிசை வரிசையாக முன்னால் வந்தது. சிவப்பு அவள் தலைக்கு மேலிருந்து விழுந்து, நெஞ்சில் இறங்கி, முந்தானை வழியாகப் போய்க் காலடியில் மறைந்தது. அவள் அசையவில்லை. யாரும் விசிலடிக்கவில்லை. ஒன்ஸ் மோர் என்று ஒரு குரல்கூட எழவில்லை.

மாலைக்காட்சிக்கும் போய் நின்றாள். மறுநாள் கேட்டில் அவளை விடக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். தீபாவளியன்று கதவைத் திறந்துவிட்ட அதே மனுஷர்தான் கேட்டில் நின்றார். அவர் பாட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டார். மேட்னியில் மறுபடியும் மேடையில் நின்றாள். ஒச்சப்பன் மேலே பொந்து வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். விழுகிறவனை இங்கிருந்து ஓட்டுகிற கை தன்னுடையது, அங்கே நின்று வாங்கிக்கொள்கிறவள் அவள்.

கல்லறைத் திருநாளன்று காலையில் அஜீஸுன்னிசா வீட்டு வாசலில் ஒச்சப்பன் சைக்கிளை நிறுத்தினார். சட்டைக்குள்ளிருந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கேட்டா, சூட்டுல எரிஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிறேன். இனிமே கயிறு அறுபடுறதோட சரி. அடுத்தது ஹீரோ நெத்தியைத் துடைக்கிறதுதான். இந்தப் பொட்டி எந்த ஊருக்குப் போனாலும் அவரு விழ மாட்டாரு."

அமலராணி அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டம் கட்டமாக வெள்ளை, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு. அப்போதுதான், ஒன்றரை வருஷம் கழித்து, அவளுக்கு அழுகை வந்தது. அஜீஸுன்னிசா மிஷினை நிறுத்திவிட்டு வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

இனி பங்குச் சாமியார் பாக்கி. அவர் நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் சட்டம் பார்க்கிறவர்.

"பிலிம் சுருளுக்கு அடக்கச் சடங்கு செய்ய எங்கயும் எழுதியில்லம்மா."

"செய்யக் கூடாதுன்னு எழுதியிருக்கா சாமி?"

சாமியார் மேஜை மேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அவள் எழுந்து போகிற மாதிரி இல்லை. "உங்க மாமனாரு கல்லறை இருக்குல்ல? அதைத் தலைமாட்டுல தொறந்து வையுங்க. நினைவுப் பொருள்னு மந்திரிச்சுத் தாரேன்" என்றார் கடைசியில்.

அப்படித்தான் நடந்தது. ஒரு பிஸ்கட் டப்பாவில் பிலிம் சுருள், அதன் மேல் மிச்சமிருந்த சிவப்பு நூல் கொஞ்சம். மாமனார் சூசைமுத்துவின் தலைமாட்டில் மண் தோண்டி வைத்து மூடினார்கள். பிறகு கல்லில் 'சூசைமுத்து' என்ற பெயருக்குக் கீழே 'ஸ்டீபன்ராஜ்' என்று வெட்டினார்கள். ஷைனி மெழுகுவத்தியை நட்டாள். தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்த சாமியார் அங்கே நின்று, மற்ற கல்லறைகளை விடச் செத்த நேரம் கூடுதலாக ஜெபித்துவிட்டுப் போனார்.

"மதுரையில வேற பிரிண்டுல விழுவாரு, கோயம்புத்தூர்ல விழுவாரு. அங்க நான் போக முடியாது" என்று அமலராணி அஜீஸுன்னிசாவிடம் சொன்னாள். "நம்ம ஊருல விழல. அது போதும்."

அதன் பிறகு அவள் வாழ்க்கை தையல் மிஷினோடு போயிற்று. யூனிபாரம் தைத்தே மகளைப் படிக்க வைத்தாள். தலை குனிந்து யாரிடமும் நின்றதில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் நியாயம் எடுபடாது. உயரம். ஷைனி நாற்காலியில் ஏறிப் பரணைத் துடைத்தால் சண்டை. மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால் சண்டை. பள்ளிக்கூடத்தில் மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனபோது, படிக்கட்டு வெட்டிய, பாட்டிமார் எல்லாம் ஏறுகிற அந்த மலைக்குக்கூட அனுமதி கிடைக்கவில்லை. ஷைனி அடிவாரத்தில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் பைகளுக்குக் காவல் இருந்தாள். "கை நழுவுனா என்ன செய்வ?" என்பதுதான் அம்மாவின் ஒரே கேள்வி. உங்கப்பாவுக்கே நழுவியது என்பதை அவள் சொன்னதில்லை, சொல்லாமலே வீடு முழுக்க அது இருந்தது.

டிவியில் அந்தப் படம் போட்டால் அணைத்துவிடுவாள். கேபிள் வந்த பிறகு அடிக்கடி போட்டார்கள், அவளும் அடிக்கடி அணைத்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஷைனி கல்லூரியில் சேர்ந்தாள். என்.சி.சி.யில் பாறை ஏறும் கேம்ப்புக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் வந்து சொன்னாள். அமலராணி மிஷினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"வேணாம்."

"கயிறு எல்லாம் கட்டித்தாம்மா ஏத்துவாங்க."

"உங்கப்பாவுக்கும் கட்டித்தான் இருந்தாங்க."

அந்த வாரம் முழுக்க அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலேதான் கல்லறைத் திருநாளுக்கும் போனார்கள். ஒருத்தி சுண்ணாம்பு பூச, ஒருத்தி செவ்வந்தி பரப்ப, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துவந்த ஒரு ஆள் கல்லின் முன்னால் நின்றுவிட்டான். தாடி நரைத்திருந்தது. குரலை வைத்துத்தான் அமலராணிக்கு அடையாளம் தெரிந்தது. இஞ்ஞாசி.

கால் உடைந்தபின் மெட்ராஸிலேயே ஒரு சரக்குக் கிட்டங்கியில் வாட்ச்மேனாக இருந்துவிட்டான். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஊர்ப்பக்கமே வராதவன், இப்போது இங்கே அடக்கமாகியிருந்த தன் அம்மாவின் கல்லறைக்கு வந்திருந்தான்.

"மதினி, ஸ்டீபன் கெடச்சுட்டானா?" கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எப்பக் கெடச்சான்? எனக்கு யாருமே சொல்லலையே."

அமலராணி நடந்ததைச் சொன்னாள். மேடையில் நின்றதை, ஒச்சப்பனை, பிஸ்கட் டப்பாவை. கேட்கக் கேட்க இஞ்ஞாசியின் முகம் மாறியது. சொல்லலாமா வேண்டாமா என்று தலையைச் சொறிந்தான்.

"மதினி, அது ஸ்டீபன் இல்ல. பொம்மை."

"என்னது?"

"தேங்கா நாரு அடைச்ச பொம்மை. வில்லனுக்குப் பொம்மையைத்தான் தள்ளிவிட்டோம். பனியில தெரியணும்னு ஸ்டீபன் கிட்ட ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கிப் பொம்மைக்கு மாட்டிவிட்டாங்க. என் கையாலதான் மாட்டுனேன்."

அமலராணி கையிலிருந்த சுண்ணாம்பு மட்டையைக் கீழே போட்டாள். ஆத்திரத்தில் அவளுக்கு முகம் சிவந்தது.

"பொம்மைக்கா நான் எட்டு வருஷமா மெழுகுவத்தி கொளுத்துனேன்? பொம்மைக்கா மேடையில போய் நின்னேன்? அப்ப அவரு எங்கய்யா? அந்தப் படத்துல அவரு எங்க?"

"ஏறுறதெல்லாம் அவன்தான் மதினி!" இஞ்ஞாசி திகைத்துப் போய்ச் சொன்னான். "உங்களுக்குத் தெரியாதா? ஹீரோவுக்கு ஏணியில ஏறுனாலே தலை சுத்தும். நீலச் சட்டையைப் போட்டு, கருப்புக் கண்ணாடியை மாட்டி, படம் பூரா ஏறுறது ஸ்டீபன்தான். ஹீரோ முகத்தைக் கிட்டத்துல காட்டுறப்ப மட்டும் அவரு."

ஷைனி பூக்கூடையை வைத்துவிட்டு எழுந்தாள். "அப்ப எங்கப்பா கை நழுவலையா?"

"நழுவுறதா? உங்கப்பனுக்கா?" இஞ்ஞாசிக்குக் கோபமே வந்துவிட்டது. "எவன் சொன்னான்? ஷூட்டிங் எல்லாம் முடிஞ்சுபோச்சு தாயி. கயித்தை அவுக்க நானும் அவனும் போனோம். நின்ன பனியே அப்படியே கீழ உக்காந்துருச்சு. நான் ஓரத்துல நின்னேன், கால் போச்சு. அவன் நடுவுல நின்னான். பிடிச்ச பிடியை அவன் ஒருநாளும் விட்டதில்ல."

சாமியார் தீர்த்தச் செம்போடு பக்கத்துக் கல்லறைக்கு வந்துவிட்டார். அமலராணி குனிந்து மட்டையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து சுண்ணாம்பைப் பூசினாள்.

"கல்லறை இருக்கட்டும்" என்றாள். "மெழுகுவத்தி அவரு பேருக்குத்தான் கொளுத்துனேன், நாருக்கில்ல. உள்ள இருக்க நூலும் நான் வாங்குனதுதான்."

அந்த மாசமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் 'சிகரத்தில் ஒரு சதி' போட்டார்கள். அமலராணி முந்தின நாளே அஜீஸுன்னிசாவுக்குச் சொல்லி வைத்திருந்தாள். மூன்று பேரும் சோற்றுத் தட்டைக் கூடக் கழுவாமல் உட்கார்ந்தார்கள். அவள் முதல்முறையாக அந்தப் படத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தாள். கதாநாயகன் நெற்றி நிறைய விபூதியோடு மேலதிகாரிக்குச் சல்யூட் அடித்தான், பாட்டுப் பாடினான், அது பாட்டுக்குப் போயிற்று.

மலை வந்தது. நீலச் சட்டைக்காரன் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு பாறையடியில் வந்து நின்றான். கையுறையைக் கழற்றினான். வலது கைக் கட்டைவிரலால் பாறையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டான். விரலை உதட்டில் ஒற்றினான். அப்புறம் கால் வைத்தான்.

பஸ் ஸ்டாண்டில் கம்பியைத் தேய்த்து முத்தம் கொடுத்த இளவட்டங்கள் அமலராணிக்கு ஞாபகத்துக்கு வந்தார்கள். விபூதி பூசிய உளவாளி எதற்குச் சிலுவை போடுகிறான் என்று இத்தனை வருஷத்தில் தமிழ்நாட்டில் ஒருத்தர் கேட்கவில்லை. இந்த ஊர் முழுக்க அவள் புருஷனைப் போலச் செய்துகொண்டு திரிந்திருக்கிறது. அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"அக்கா, அவரு! அவருதான்க்கா!" என்று அஜீஸுன்னிசாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "மூங்கிலுக்குச் செய்யிறது. ஷைனி, பாருடி, உங்கப்பாடி!"

அவர் ஏறினார். கை மாற்றிக் கை, அவசரமே இல்லாமல், மாடி வீட்டுச் சாரத்தில் ஏறுகிற மாதிரியே ஏறினார். காற்று அடித்தது, பனி கொட்டியது, வில்லன் கீழிருந்து சுட்டான். அவர் நின்றார், அடுத்த பாறையில் சிலுவை போட்டார், விரலை முத்தமிட்டார், ஏறினார். அமலராணிக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, ஆனால் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. துடைக்கிற நேரத்தில் ஒரு எட்டு தவறிவிடுமே. கடைசியில் அவர் உச்சியில் கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஏறி நின்றார். தூரத்தில், வெள்ளைக்கு மேல் ஒரு நீலப் பொட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

வீட்டில் சத்தமே இல்லை. அந்த நிசப்தம் அமலராணிக்குப் பொறுக்கவில்லை. தியேட்டரில் எத்தனை விசில், எல்லாம் நாரடைத்த பொம்மைக்குப் போய்விட்டது.

"ஷைனி, உனக்கு விசிலடிக்கத் தெரியுமாடி?"

ஷைனி அம்மாவைப் பயத்தோடு பார்த்தாள். "தெரியும். நீ திட்டுவன்னு..."

"அடி."

ஷைனி இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து வைத்து அடித்தாள். பேகம்பூர் வரைக்கும் கேட்டிருக்கும். அஜீஸுன்னிசா கைதட்டினாள். அமலராணி எழுந்து நின்று, ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று குரல் உடையக் கத்தினாள். டிவிக்காரன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயிறு அறுந்து சிவப்பு ஸ்வெட்டர் உருண்டு போயிற்று. அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். பிறகு விளம்பரம் வந்தது.

அமலராணி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கேம்ப்பு எங்கன்னு சொன்ன?" என்றாள். "அங்க குளிருமா?"